'ஒரே சடவா இருக்கு': ஒரு நோயாளியின் பேச்சு மருத்துவச் சான்றாக மாறும் வழி

திருநெல்வேலி மாவட்டத்தில், முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். பீடி சுற்றுவார். தார்சாவில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், மடியில் சொளவு. அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள். கண் டிவியில் இருக்கும், விரல்கள் அதுபாட்டுக்கு இலையைச் சுருட்டி, நூலைக் கட்டி, வாயை மடக்கிக்கொண்டிருக்கும். அவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரையை இரண்டாவது மாதத்தோடு நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"வெறும் வயித்துல போட்டா குடலப் பெரட்டுது. ஒண்ணுக்குப் போனா செவப்பா போவுது, ரத்தமோன்னு பயந்துட்டேன். ஒரே சடவா இருக்கு, சொளவ எடுத்தா கை ஓட மாட்டேங்கு. ஆயிரம் சுத்துறவ ஐநூறு சுத்துனா கடையில என்ன கெடைக்கும்? இருமலும் நின்னு போச்சு. அதான் விட்டுட்டேன்."

சிவப்பாகப் போனது ரத்தம் இல்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரை ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாற்றும், அதனால் கெடுதல் எதுவும் கிடையாது. இதை முன்கூட்டியே அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் சொன்ன இத்தனை காரணங்களுக்கும் சேர்த்து அவருடைய சிகிச்சை அட்டையில் ஏறியது ஒரே ஒரு சொல்: 'டிஃபால்ட்டர்'. கடனைக் கட்டாமல் விட்டவரை வங்கியில் குறிக்கும் அதே சொல். 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அதை எடுத்துவிட்டு, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்ற பொருளில் வேறு சொல்லைக் கொண்டுவந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஏன் விட்டுப்போனார் என்பதை அந்தப் புதிய சொல்லும் சொல்வதில்லை.

அந்த 'ஏன்' கிடைக்க வேண்டுமென்றால் ஆட்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அதைச் செய்வதுதான் பண்புசார் ஆய்வு. இருபது முப்பது பேரிடம் நிதானமாகப் பேசி, பேச்சைப் பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளை ஆய்வாளர் தொகுப்பார். சரி, முப்பது பேர் சொன்னதை வைத்து ஒரு நாட்டின் காசநோய்த் திட்டத்தை மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் பல ஊர்களில் பலர் செய்த இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் படித்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள். இதற்குப் பண்புசார் சான்றுத் தொகுப்பு என்று பெயர். காசநோய் மாத்திரையை ஏன் விடுகிறார்கள் என்பதற்கே 2007-ல் அப்படி ஒரு தொகுப்பு வந்தது. சல்லா மன்றோவும் குழுவினரும் 44 ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தார்கள். பக்கவிளைவு, பணக் கஷ்டம், குடும்பத்தின் ஆதரவு, சிகிச்சை தரப்படும் முறை என்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அது காட்டியது. எங்கள் தெரு அக்கா நாலு வரியில் சொன்னதில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

எண்கள் என்றால் கூட்டலாம், சராசரி எடுக்கலாம். பேச்சை எப்படிக் கூட்டுவது? 1988-ல் ஜார்ஜ் நாப்ளிட், டுவைட் ஹேர் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். ஓர் ஆய்வு சொல்வதை இன்னோர் ஆய்வின் மொழியில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா, அல்லது இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறதா என்று பார்ப்பதுதான் அவர்களுடைய முறையின் உயிர். 2008-ல் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் தாமஸும் ஏஞ்சலா ஹார்டனும் இன்னொரு வழியை விளக்கினார்கள். அதில் ஆய்வுகளின் முடிவுப் பகுதியை வரி வரியாகப் படித்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறிப்புச் சொல் வைப்பார்கள். ஒரே இனமான குறிப்புகளைச் சேர்த்துக் கருப்பொருள் ஆக்குவார்கள். கடைசியில், அந்த ஆய்வுகள் தனித்தனியாகச் சொல்லாத ஒரு விளக்கத்துக்குப் போவார்கள்.

எந்த வழியில் போனாலும் மூன்று அடுக்கு வரும். அக்கா சொன்னது முதல் அடுக்கு. அவரிடம் பேசிய ஆய்வாளர் 'பக்கவிளைவால் வருமானம் குறைகிறது' என்று எழுதுவது இரண்டாவது. பத்து ஆய்வாளர்கள் எழுதியதைப் படித்த தொகுப்பாளர், 'தினக்கூலிக்காரருக்கு மாத்திரையின் உண்மையான விலை அவர் இழக்கும் கூலி' என்று எழுதினால் அது மூன்றாவது. கொள்கை வகுப்பவர் மேசைக்குப் போவது இந்த மூன்றாவது அடுக்குதான்.

நடுவில் என்ன நடக்கலாம் என்று பாருங்கள். அக்கா 'சடவா இருக்கு' என்றார். நம் பக்கத்தில் அது உடம்பு அசதி. ஆனால் ஒருவர்மேல் மனத்தாங்கல் இருந்தாலும் 'அவன்மேல சடவா இருக்கா' என்போம். ஆய்வாளர் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் 'களைப்பு' என்று எழுதினால் கதை ஒரு பக்கம் போகும், 'மனச்சோர்வு' என்று எழுதினால் வேறு பக்கம் போகும். ஆங்கிலத்தில் மட்டும் படிக்கும் தொகுப்பாளர், இரண்டாவதைப் பார்த்துவிட்டு 'காசநோயாளிகளுக்கு மனநல ஆலோசனை தேவை' என்று முடிவு எழுதலாம். ஆலோசனை தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் இந்த அக்கா கேட்டது அதுவா?

தாமிரபரணித் தண்ணீர் கடைமடை வயலுக்கு வரவில்லை என்றால் விவசாயி வாய்க்கால் கரையோடு மேலே நடந்து போவார். எந்த மடையில் அடைத்திருக்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே அணைக்கட்டுவரை போவார். ஒரு தொகுப்பின் முடிவைப் படிக்கிறவருக்கும் அப்படி மேலே நடந்து போய்ப் பார்க்க ஒரு கரை வேண்டும். ஆய்வைச் செய்த விதம் பற்றி அறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும் என்று பட்டியல் போடும் அறிக்கையிடல் நெறிகள் அந்தக் கரையைப் போடச் சொல்கின்றன.

பண்புசார் தொகுப்புகளுக்கான நெறிகளில் அதிகம் பேசப்படுவது 2012-ல் வந்த 'என்ட்ரெக்' (ENTREQ). சிட்னியைச் சேர்ந்த அலிசன் டாங்கும் நான்கு சக ஆய்வாளர்களும் உருவாக்கியது. மொத்தம் 21 அம்சங்கள். நோக்கம் என்ன, எந்தத் தொகுப்பு முறை, அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஆரம்பித்து, தேடியது, தேர்ந்தெடுத்தது, தரம் பார்த்தது, தொகுத்தது என்று போகும். முழுப் பட்டியலையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. நம் ஊருக்கு நேரடியாகப் படுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

எந்த ஆய்வுகளைச் சேர்த்தீர்கள் என்பதைச் சொல்லும்போது மொழியையும் சொல்லச் சொல்கிறது. 'ஆங்கிலக் கட்டுரைகள் மட்டும்' என்று ஒரு தொகுப்பில் எழுதியிருந்தால், தமிழில் எழுதிய ஆய்வு எதுவும் அதில் இல்லை என்று படிக்கிறவருக்கு உடனே தெரியும். எங்கே தேடினீர்கள் என்பதில், பன்னாட்டுத் தரவுத்தளங்களோடு ஆய்வேடுகளையும் அரசு அறிக்கைகளையும் பார்த்தீர்களா என்று கேட்கிறது. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் ஓர் ஆய்வேடு அலமாரியிலேயே இருந்துவிட்டால், அந்தத் தரவுத்தளங்களில் அது கண்ணில் படாது. அதைத் தேடிப் போனார்களா இல்லையா என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

அப்புறம் எத்தனை பேர் குறிப்புச் சொல் வைத்தார்கள் என்று கேட்கிறது. இது எண்ணிக்கைக்காக மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. ஒருவர் 'களைப்பு' என்று குறித்த வரியை இன்னொருவர் 'வருமான இழப்பு' என்று குறித்தால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிவரும். அந்தப் பேச்சில்தான் அக்காவின் வாக்கியத்தில் அசதியும் கூலியும் ஒரே மூச்சில் வந்தது தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது 20-வது அம்சம். ஒவ்வொரு கருப்பொருளுக்கும் மூல ஆய்வுகளிலிருந்து மேற்கோள் தரச் சொல்கிறது. அது நோயாளி சொன்னதா, ஆய்வாளர் விளக்கியதா என்று அடையாளமும் போடச் சொல்கிறது. மேற்கோள் குறிக்குள் இருப்பதாலேயே அது நோயாளியின் வாய்ச்சொல் என்று நம்பிவிடுகிறோம், இல்லையா? முதல் அடுக்கும் இரண்டாவது அடுக்கும் கலந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். கடைசி அம்சமான 21-வது, தொகுப்பின் முடிவு மூல ஆய்வுகளின் சுருக்கமாக நின்றுவிடாமல் அதைத் தாண்டிப் போக வேண்டும் என்கிறது. தாண்டிப் போகச் சொல்கிற இடத்துக்கு முந்திய அம்சத்திலேயே ஆதாரத்தைக் காட்டச் சொல்லியிருப்பது சரியான ஏற்பாடு.

என்ட்ரெக் பொதுவான நெறி. நாப்ளிட், ஹேர் முறையில் தொகுப்பவர்களுக்கென்று 2019-ல் 'ஈமெர்ஜ்' வந்தது, 19 அளவுகோல்கள். ஆய்வுகள் ஒன்றையொன்று மறுக்கிற இடத்தை எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் அது கேட்கிறது. வீட்டார் கூடவே இருந்து மாத்திரை கொடுத்தது உதவியது என்று ஓர் ஆய்வும், மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரையை மறைத்து வைத்தேன் என்று இன்னோர் ஆய்வும் சொன்னால், இரண்டையும் சேர்த்து 'குடும்பத்தின் பங்கு முக்கியம்' என்று எழுதி மூடிவிடக் கூடாது. எண்சார்ந்த தொகுப்புகளுக்கான 'பிரிஸ்மா', தனி நேர்காணல் ஆய்வுகளுக்கான 'கோரெக்' என்று வேறு நெறிகளும் உண்டு. கோரெக்கின் 32 அம்சங்களில், பேட்டி எடுத்தவர் ஆணா பெண்ணா, பேசியவருக்கு அவர் முன்பே தெரிந்தவரா என்பதுகூட வரும். சொளவோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் ஒண்ணுக்குச் சிவப்பாகப் போனதை யாரிடம் சொல்வார், யாரிடம் சொல்லமாட்டார் என்று யோசித்தால் அந்தக் கேள்வியின் அவசியம் புரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 21 அம்சத்துக்கும் பக்க எண் போட்டு நிரப்பியதாலேயே தொகுப்பு நல்லதாகிவிடாது. மோசமாகச் செய்த வேலையையும் ஒளிக்காமல் எழுத முடியும். நெறி கேட்பது அந்த ஒளிக்காமையை. ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட 'செர்க்வல்' என்று தனி முறை இருக்கிறது. மூல ஆய்வுகள் செய்யப்பட்ட விதத்தில் குறை உண்டா, தரவும் முடிவும் பொருந்துகின்றனவா, தரவு போதுமா, நம் கேள்விக்கும் சூழலுக்கும் அது ஏற்றதா என்று நான்கு கோணத்தில் பார்த்து, அதிகம், நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படியில் ஒன்றில் வைக்கும். 'அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து மருந்து வாங்க வருவதில்லை' என்ற முடிவு முழுக்கப் பெருநகர ஆய்வுகளிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கே ஒருவரை ஒருவர் தெரிந்த முக்கூடலுக்கு அதை அப்படியே பொருத்த முடியுமா என்று நான்காவது கோணம் நிறுத்திக் கேட்கும். ஆனால் அந்த ஆய்வுகள் எந்த நாட்டில், எப்படிப்பட்ட மக்களிடம் நடந்தன என்று தொகுப்பில் எழுதியிருந்தால்தான் கேட்கவே முடியும். அதை எழுதச் சொல்வதும் என்ட்ரெக்தான்.

பாளையங்கோட்டையிலோ வேறெங்கோ மருத்துவமோ செவிலியமோ சமூகப்பணியோ படித்துக்கொண்டு இப்படி ஒரு தொகுப்பில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லாம் முடிந்த பிறகு என்ட்ரெக் பட்டியலை எடுக்காதீர்கள். தேட ஆரம்பிக்கும் நாளிலேயே ஒரு நோட்டைப் போட்டு, எந்தத் தேதியில் எந்தச் சொல்லை வைத்துத் தேடினீர்கள், எந்தக் கட்டுரையை ஏன் தள்ளினீர்கள், எந்த வரியில் குறிப்புச் சொல் வைத்தவர்களுக்குள் கருத்து வேறுபட்டது என்று அன்றன்றைக்கு எழுதிவிடுங்கள். 'சடவு' மாதிரி ஒரு சொல் வந்தால் அதை உச்சரிப்பு மாறாமல் அப்படியே கொடுத்து, பக்கத்தில் இரண்டு வரி விளக்கம் எழுதுங்கள். கட்டுரையில் இடம் போதாது என்றால் இணைப்பில் போடலாம்.