பெரிய சக்கரம் பூட்டினால் காரில் என்ன மாறுகிறது?

டயரின் பக்கவாட்டில் 195/65 ஆர்15 என்று பொறித்திருந்தால், டயரின் அகலம் 195 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். பக்கச்சுவர் ஏறத்தாழ 127 மி.மீ. வருகிறது, மேலும் கீழுமாக அதை இரண்டு முறை எடுத்து, ரிம்முக்கு உரிய 381 மி.மீ.ஐயும் கூட்டினால் சக்கரத்தின் முழு வெளிவிட்டம் சுமார் 634 மி.மீ. ஆகிறது. அதே காரில் 17 அங்குல ரிம் போட்டு 225/45 டயரை மாட்டினாலும் வெளிவிட்டம் அதே 634 மி.மீ.தான், ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவர் குட்டையாகிவிட்டது. முழு வெளிவிட்டம் மாறுவது ஒன்று, அது மாறாமல் ரிம் மட்டும் பெரிதாவது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பெரிய சக்கரத்தைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான கருத்துகள் உலவுகின்றன.

முதலில் வெளிவிட்டம் மாறுவதைப் பார்க்கலாம். மேற்சொன்ன காரில் 205/65 ஆர்16 டயரைப் போட்டால் விட்டம் சுமார் 673 மி.மீ. ஆகிவிடும், அதாவது 6 விழுக்காடு கூடுதல். சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.99 மீட்டர் ஓடியது போய் இப்போது 2.11 மீட்டர் ஓடுகிறது. அச்சுக்கு வரும் திருப்புவிசை பழைய அளவிலேயே இருக்க, தரைக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் கூடியதால், தரையில் காரை முன்னே தள்ளும் விசை கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைந்துவிடும். எல்லா கியர்களையும் 6 விழுக்காடு உயர்த்தி அமைத்ததற்கு இது சமம். ஏற்றத்திலும் நின்று புறப்படும்போதும் வண்டி சோர்ந்து தெரிவதற்கு இதுவே காரணம். பிரேக்கின் பிடிவிசையும் அதே கணக்கில் குறையும். நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்றுக் குறைந்த சுழற்சியில் ஓடுவதால் சிறிது எரிபொருள் மிச்சமாகலாம், ஆனால் எஞ்சினுக்கு இழுக்கத் தெம்பு மீதமிருந்தால் மட்டுமே.

இங்கே அளவீட்டில் ஒரு பிழையும் நுழைகிறது. வேகமானியும், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரும் தூரத்தை அளப்பதில்லை, சுழற்சிகளையே எண்ணுகின்றன. எனவே கார் உண்மையில் 106 கி.மீ. ஓடியிருக்கும்போது ஓடோமீட்டர் 100 கி.மீ. என்றே பதிவுசெய்யும். லிட்டருக்கு 18 கி.மீ. தரும் கார், கணக்குப் போட்டால் 17 கி.மீ. தருவதாகத் தோன்றும். மைலேஜ் விழுந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்தத் திருத்தத்தைச் செய்தே ஆக வேண்டும்.

வெளிவிட்டம் மாறாமல் ரிம் மட்டும் பெரிதாகும்போது எடை முன்னுக்கு வருகிறது. ஒரே வகை அலாயில் (உலோகக் கலவையில்), ரப்பரும் காற்றும் இருந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொள்வதால் 17 அங்குலச் சக்கரம் பெரும்பாலும் 15 அங்குலத்தைவிடக் கனமாக இருக்கும். சுழலும் எடைக்கு இரட்டை வேலை உண்டு: காரோடு சேர்ந்து முன்னே நகரவும் வேண்டும், தன்னைத் தானே சுற்றவும் வேண்டும். சுற்றுவதற்கான ஆற்றல், எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் இருமடியைப் பொறுத்தது. தரையைத் தொடும் ரப்பரில் கூடும் 1 கிலோ, முடுக்கத்தின்போது 2 கிலோவாகக் கணக்காகும். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் கூடும் 1 கிலோ 1.36 கிலோவாகவும், 17 அங்குல ரிம்மின் விளிம்பில் கூடுவது 1.46 கிலோவாகவும் கணக்காகும்.

சக்கரத்தில் கூடும் 1 கிலோ, காரின் உடலில் கூடும் 10 கிலோவுக்குச் சமம் என்று சொல்லப்படுவது முடுக்கத்தைப் பொறுத்தவரை தவறு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. உச்ச வரம்பே இரண்டு மடங்குதான். சக்கரத்துக்கு 3 கிலோ வீதம் நான்கிலுமாக 12 கிலோ கூடினால், அது ஏறத்தாழ 18 கிலோ சுமைக்கு ஈடு. 1,200 கிலோ காரில் இது ஒன்றரை விழுக்காடு. நின்று நின்று நகரும் நெரிசலில், சக்கரத்தைச் சுழற்றச் செலவான ஆற்றல் ஒவ்வொரு பிரேக்கிலும் வெப்பமாக வீணாவதால் இந்த எடை எரிபொருளைத் தின்னும். சீரான வேகத்தில் செல்லும்போது இந்தச் சுழல் எடைக்கென்று தனிச் செலவு எதுவும் இல்லை. கனமான சக்கரத்தின் மெய்யான தொல்லை சஸ்பென்ஷனில் இருக்கிறது: மேடுபள்ளத்தில் அது துள்ளியபின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அதை மீண்டும் தரையில் அமர்த்தக் கூடுதல் நேரம் எடுக்கின்றன, அந்த இடைவெளியில் பிடிமானம் குறைகிறது.

அப்படியானால் பெரிய ரிம் போட்டபின் மைலேஜ் குறைவது ஏன்? என் பார்வையில் பெரும்பங்குப் பொறுப்பு ரிம்முடன் சேர்ந்து மாறும் டயருக்கே உரியது. டயரின் அடிப்பகுதி தரையில் பட்டுத் தட்டையாகி மீண்டும் வளையும்போது ரப்பர் வாங்கிய ஆற்றலை முழுவதும் திருப்பித் தருவதில்லை, மீதி வெப்பமாகிறது. இதுவே உருளல் தடை. பிடிமானத்துக்காகச் செய்யப்பட்ட மென்மையான ரப்பரில் இந்த இழப்பு பொதுவாக அதிகம், 17, 18 அங்குல அகன்ற டயர்கள் பலவும் அந்த வகையைச் சேர்ந்தவை. விட்டம் பெரிதாக இருப்பது மட்டும் குற்றமில்லை என்பதற்கு, 2013-இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஐ3 மின்சாரக் கார் நல்ல சான்று: அதற்கு 19 அங்குல ரிம், ஆனால் டயரின் அகலம் வெறும் 155 மி.மீ. விட்டம் கூடும்போது ரப்பர் வளையும் அளவு குறைவதால் உருளல் தடை தணிகிறது, ஒடுங்கிய அகலம் காற்றுத்தடையைக் குறைக்கிறது.

காற்றுத்தடையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். உருளும் டயரில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் இருக்கிறது. அதன் உச்சியோ காரின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. கார் 100 கி.மீ. வேகத்தில் போனால் டயரின் உச்சி 200 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. சக்கரங்களும் அவை பொருந்தும் குழிகளும் சேர்ந்து ஒரு காரின் மொத்தக் காற்றுத்தடையில் ஏறத்தாழ கால் பங்கு வரை ஏற்படுத்துவதில் வியப்பில்லை. டயரின் அகலம் கூடினாலும், ரிம்மின் ஆரக்கால்களுக்கு இடையே பெரிய இடைவெளி இருந்தாலும் இந்தப் பங்கு வளரும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு மின்சாரக் காரின் 2022-ஆம் ஆண்டு மாடல் ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் தூரத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த மதிப்பீடு 19 அங்குலச் சக்கரத்தில் 396 மைல், 21 அங்குலத்தில் 348 மைல். பேட்டரியும் மோட்டார்களும் ஒன்றே. சக்கரமும் அதனுடன் வரும் அகன்ற டயரும் மாறியதில் மட்டும் 12 விழுக்காடு தூரம் போய்விட்டது.

இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது திருப்பத்தில் உறுதி. குட்டையான பக்கச்சுவர் பக்கவாட்டில் குறைவாகவே நெளிவதால், ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் தாமதமின்றித் திரும்புகிறது. உள்ளே பெரிய பிரேக் டிஸ்குக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் 225/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 101 மி.மீ.தான், பழைய டயரைவிட 26 மி.மீ. குறைவு. பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது அந்த அடியை வாங்கிக்கொள்ள அவ்வளவு ரப்பரும் காற்றும் இல்லாததால், அதிர்வு நேராக ரிம்முக்கும் அங்கிருந்து இருக்கைக்கும் வருகிறது. காற்றின் கன அளவு மாறும் இடத்தில் சுமை எண்ணையும் சரிபார்க்க வேண்டும்: டயரில் 91 என்று இருந்தால் அது தாங்கக்கூடியது 615 கிலோ, மாற்றும் டயரின் எண், காருக்கு உற்பத்தியாளர் குறித்த எண்ணுக்குக் கீழே போகக் கூடாது.