ஏரியின் வாயு மூலை எங்கே இருக்கிறது?

அமெரிக்க வரைபடத்தில் மின்னசோட்டா மாநிலத்தின் உச்சியைப் பாருங்கள். கனடா எல்லை மேற்கிலிருந்து 49 டிகிரி அட்சரேகையில் நூல் பிடித்தாற்போல நேராக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று ஓர் இடத்தில் வடக்கே திரும்பி, சின்னக் கொம்பு மாதிரி நீட்டிவிட்டு மறுபடி கீழே இறங்கும். அந்தக் கொம்புதான் ஆங்கிள் டவுன்ஷிப். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 119. பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், மிச்சம் காடும் சதுப்பும், அதிலும் பெரும்பகுதி ரெட் லேக் ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அலாஸ்காவை விட்டுவிட்டால், 49 டிகிரிக்கு வடக்கே இருக்கிற அமெரிக்க ஊர் இது ஒன்றுதான். மேற்கே கனடாவின் மானிடோபா, தெற்கிலும் கிழக்கிலும் லேக் ஆஃப் த வுட்ஸ் என்ற பெரிய ஏரி. அதனால் சொந்த மாநிலத்தின் மற்ற ஊர்களுக்குக் காரில் போக வேண்டும் என்றால் கனடாவுக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும்.

இதை சர்வே பிழை என்று பலர் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சர்வே ஒழுங்காகத்தான் நடந்தது. கோளாறு, அதற்கு நாற்பது வருடம் முன்பே எழுதிய பத்திரத்தில்.

1783-இல் பாரிஸில் பிரிட்டனும் அமெரிக்காவும் எல்லை பேசினபோது மேஜை மேல் இருந்தது ஜான் மிட்செல் 1755-இல் வெளியிட்ட வரைபடம். அதில் லேக் ஆஃப் த வுட்ஸ் முட்டை மாதிரி உருண்டையாக, யாரும் மூலை காட்டிவிடக்கூடிய ஓர் ஏரி. மிசிசிப்பி ஆறு எங்கே தொடங்குகிறது என்பது அப்போது அவர்கள் யாருக்கும் தெரியாது. சுமார் 50 டிகிரியில் இருக்கலாம் என்று மிட்செல் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அந்த ஆறு தொடங்க வேண்டிய மூலையிலோ ஹட்சன் விரிகுடாவின் தனிப்படம் ஒன்று கட்டம் கட்டி உட்கார்ந்திருந்தது. சரி என்று, ஏரியின் வடமேற்குக் கோடிக்குப் போய் அங்கிருந்து நேர் மேற்கே மிசிசிப்பி வரை எல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆறு அங்கே இல்லை. 1832-இல் ஓசாவின்டிப் என்ற ஒஜிப்வே தலைவர் வழிகாட்ட, ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் போய்ச் சேர்ந்த இட்டாஸ்கா ஏரிதான் மிசிசிப்பியின் தொடக்கம், அது அந்தக் கோடியிலிருந்து 230 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது. மேற்கே போகிற கோடு உலகத்தைச் சுற்றி வந்தாலும் அதைத் தொடாது. தொடக்கம் ரொம்பத் தெற்கே என்ற சந்தேகம் அதற்கு முன்பே வலுத்துவிட்டது, அதனால் 1818-இல் புது ஏற்பாடு: மேற்கே 49 டிகிரிதான் எல்லை, பழைய வடமேற்குக் கோடியிலிருந்து வடக்கோ தெற்கோ, எது தேவையோ அந்தப் பக்கம் நேராகக் கோடு இழுத்து அதோடு சேர்த்துவிடுவது. அந்தக் கோடி எங்கே இருக்கிறது என்று இரண்டு தரப்புக்கும் தெரியாததால்தான் 'வடக்கோ தெற்கோ'!

இப்போது யாராவது போய் அந்தக் கோடியைக் கண்டுபிடிக்கணும். நிஜ ஏரி முட்டையாகவா இருக்கிறது? பழைய அகாசிஸ் என்ற பனியுகப் பெருஏரியின் மிச்சம் இது, 14,000-க்கும் மேல் தீவுகள், கிழிந்த துணி ஓரம் மாதிரி கரை. டேவிட் தாம்ப்சன் என்ற நில அளவையாளர் ஏரியை அளந்து வரைந்தார், வடமேற்கு என்று சொல்லத்தக்க இடங்கள் பல கிடைத்தன, முடிவு கிடைக்கவில்லை. 1825-இல் வந்த ஜெர்மன் வானியலாளர் யோஹான் டியார்க்ஸ் இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டார்: நிலத்துக்குள் நீளும் ஆங்கிள் கழி என்ற நீர்க்கிளை, அப்புறம் இன்றைக்குக் கெனோரா என்கிற ராட் போர்ட்டேஜ். ராட் போர்ட்டேஜ் சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது, ஆனால் அதைவிடக் கூடுதலாகவே கிழக்கேயும் இருக்கிறது. எது வாயு மூலை?

அவர் செய்தது அழகான வேலை. அளவுகோலைத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, 45 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். அந்தச் சாய்வை மாற்றாமல், ஏரிக்கு வெளியே வடமேற்கிலிருந்து மெல்ல ஏரியை நோக்கித் தள்ளிக்கொண்டே வாருங்கள். முதலில் எந்தத் தண்ணீர் ஓரம் அளவுகோலில் படுகிறதோ அதுதான் கோடி, ஏனென்றால் அதைத் தாண்டி வடமேற்கில் ஏரி இல்லை. டியார்க்ஸ் இரண்டு இடங்களிலும் இப்படிக் கோடு போட்டுப் பார்த்தார். கோடு வேறெங்காவது ஏரியை வெட்டினால் அந்த இடம் தோற்றது என்று அர்த்தம். ஜெயித்தது ஆங்கிள் கழியின் ஓரத்தில் இருந்த ஒரு குட்டைதான். வடக்குக்கும் மேற்குக்கும் சம எடை கொடுக்கிற இந்த விதியை ஒப்பந்தம் சொல்லவில்லை, அவர்தான் வைத்தார். வடக்குக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு கொடுத்திருந்தால் கோடி கெனோராவுக்குப் போயிருக்கும். 1842 ஒப்பந்தம் இவர் முடிவையே உறுதி செய்தது.

அங்கிருந்து தெற்கே இறக்கிய கோடு 49 டிகிரியைத் தொட 44 கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது. வழியில் வளைந்து போகிற கழியைப் பல தடவை வெட்டியதில், கனடா தண்ணீருக்கு நடுவே இரண்டரை ஏக்கர் அமெரிக்கத் தண்ணீர் துண்டு துண்டாகச் சிக்கிக்கொண்டது. 1925-இல் கோடியைச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி அதைச் சரி செய்தார்கள். கொம்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதில் வாழ்கிறவர்கள் பாடுதான் வேடிக்கை. ஆங்கிளில் ஓராசிரியர் பள்ளி ஒன்று இருக்கிறது, ஆரம்ப வகுப்புகளுக்கு மட்டும். பெரிய பிள்ளைகள் வாரோட் ஊருக்குப் பஸ்ஸில் போய் வந்தால் ஒரே நாளில் நாலு தடவை எல்லை தாண்டியாக வேண்டும். ஊருக்குள் எல்லை அதிகாரி கிடையாது. ஜிம்ஸ் கார்னர் என்ற முக்கில் ஒரு சின்ன அறை, அதில் இருக்கிற தொலைபேசியில் வந்துவிட்டேன் என்று நாமே சொல்லவேண்டும். பிழைப்பு பெரும்பாலும் வால்ஐ மீன் பிடிக்க வரும் சுற்றுலாக்காரர்களை நம்பி. அந்த மீன்பிடி விதிகளில் கனடாவோடு வந்த தகராறில், 1998-இல் இந்தத் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கொலின் பீட்டர்சன், ஆங்கிள் மக்கள் கனடாவோடு சேர்வதா என்று வாக்களிக்க அனுமதி கேட்டு அரசியல் சட்டத் திருத்தமே கொண்டு வந்தார். நிறைவேறவில்லை, கவனம் கிடைத்தது.

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் கனடா எல்லை மூடியதும் கார் வழி அறுந்துபோனது. அடுத்த குளிர்காலத்தில் ஏரி உறைந்தவுடன் ஊர்க்காரர்கள் பனிக்கட்டி மேலே சாலை போட்டார்கள், மொத்தம் முப்பது மைல் போல, கனடாவை ஓர் அடிகூடத் தொடாமல், முழுக்க அமெரிக்க எல்லைக்குள்ளேயே. கட்டணம் வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க வருகிறவர்களை அதில் விட்டார்கள். பனி உருகும்வரை சாலை இருந்தது.