பனிச்சிறுத்தை பார்க்கப் போகிறீர்களா? ராத்திரி யார் வீட்டில் தங்குவீர்கள் என்று கேளுங்கள்

குளிர்காலம் வந்தால் லடாக்குக்கு ஆட்களை அழைத்துப் போவது என் தொழில். போன் செய்கிறவர்கள் முதலில் கேட்பது, "சார், சிறுத்தை கண்டிப்பா தென்படுமா?" அப்புறம் குளிர், வெந்நீர், பாத்ரூம். ராத்திரி யார் வீட்டில் தங்குகிறோம், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிறுத்தை பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

லே நகருக்குப் பக்கத்தில் ஹெமிஸ் தேசியப் பூங்கா. 1981-ல் அமைந்தது. பூங்கா என்றாலும் உள்ளே ஊர்கள் இருக்கின்றன. ரூம்பாக் ஏறக்குறைய பத்தே வீடுகள் உள்ள ஊர். கொஞ்சம் பார்லி, கொஞ்சம் ஆடுமாடு, அவ்வளவுதான் சொத்து. அவர்களுடைய ஆடுகள் மேயும் சரிவிலேயே பாரல் என்கிற காட்டு ஆடும் மேய்கிறது. அது குளிரில் கீழே இறங்கினால், ஊர்க்காரர்கள் 'ஷான்' என்று கூப்பிடும் பனிச்சிறுத்தையும் பின்னாலேயே இறங்கிவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை நாங்கள் ஆட்களைக் கூட்டிப்போவதும் அதனால்தான்.

பழைய காலத்து ஆட்டுப்பட்டியைப் பார்த்தால் பிரச்சினை சட்டென்று புரியும். சுற்றிலும் கல் அடுக்கிய சுவர், மேலே வெறும் வானம். அந்தச் சுவரைச் சிறுத்தை ஒரே தாவலில் தாண்டிவிடும். மலையில் என்றால் ஓர் ஆட்டை அடிக்கும், மற்றவை ஓடித் தப்பிக்கும். பட்டிக்குள் ஓட வழியில்லை. ஆடுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழ, அசைவதையெல்லாம் அது அடித்துக்கொண்டே போகும். விடிந்து பார்த்தால் மந்தையில் பாதி செத்துக் கிடக்கும். சில சமயம் சிறுத்தை உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். ஆத்திரத்தில் கல்லால் அடித்தே கொன்றுவிடுவார்கள். பல வருட உழைப்பு ஒரே ராத்திரியில் போனவரிடம் போய் வனவிலங்குச் சட்டம் பேச எனக்கு வாய் வராது.

ஸ்நோ லெப்பர்ட் கன்சர்வன்சி என்ற தொண்டு அமைப்பு கைவைத்த இடம் இந்தப் பட்டிதான். பனிச்சிறுத்தையைப் பல வருடம் ஆராய்ந்த ராட்னி ஜாக்சன் 2000-ல் அதைத் தொடங்கினார். லடாக்கில் அவருக்குத் தோள் கொடுத்தவர் அந்த மண்ணின் பிள்ளை, ரின்சென் வாங்சுக். மேலே கூரையாகப் போடக் கம்பிவலையும் இறுக்கமாக மூடும் கதவும் அமைப்பு தரும், கல்லும் உழைப்பும் ஊர் தரும். சொந்தக் கையால் கட்டியதால் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் பொருளாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பட்டிக்குக் கூரை போட்டால் நஷ்டம் குறையும், சரி. சிறுத்தை உயிரோடு இருப்பதால் வீட்டுக்கு என்ன வருமானம்? அதற்குத்தான் 2002-ல் ஹோம்ஸ்டே வந்தது. வீட்டில் ஓர் அறையை ஒழுங்கு செய்து பயணிகளைத் தங்கவைப்பார்கள். ஒரே வீட்டுக்கு எல்லாரும் போய்விடாதபடி முறை வைத்து அனுப்புவார்கள். வருமானம் பெரும்பாலும் பெண்கள் கையில் சேரும். அதில் பத்து சதவீதம் ஊர்ப் பொதுநிதிக்குப் போகும். குப்பை அள்ளுவது, மரம் நடுவது எல்லாம் அந்தப் பணத்தில்தான். வழியில் பழைய ராணுவப் பாராசூட்டைக் கூடாரமாக விரித்து, பெண்கள் டீக்கடையும் நடத்துகிறார்கள். அங்கே நின்று ஒரு டீ குடியுங்கள்.

நானே முதல் வருடம் தப்பாகத்தான் செய்தேன். டென்ட், சமையல்காரர், அரிசி பருப்பு எல்லாவற்றையும் லேவிலிருந்து ஏற்றிக்கொண்டு போனேன். ஊருக்குக் கீழே முகாம் போட்டு எட்டு நாள் இருந்தோம். கிளம்பும்போது ஓர் அம்மா வந்து, "எங்க ஆட்டைத் தின்னு வளர்ந்ததைப் பார்த்துட்டுப் போறீங்க, எங்க வீட்டுல ஒரு வாய் டீ குடிக்கலையே" என்றார். அடுத்த வருடத்திலிருந்து அவர் வீட்டில்தான் தங்குகிறோம்.

டூர்க்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை ராத்திரி ஊர் வீட்டில்? வழிகாட்டி அந்த ஊர்க்காரரா? ஒரே சிறுத்தையைச் சுற்றி எத்தனை குழுக்களை நிறுத்துவீர்கள்? ட்ரோன் பறக்கவிடுவோம், இரைக்குப் பக்கத்திலேயே கூட்டிப்போவோம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்த டூரை விட்டுவிடுங்கள். மிச்சச் சாப்பாட்டை வெளியே கொட்டும் முகாம்களும் வேண்டாம். அதைத் தின்று பெருகும் தெருநாய்கள் கூட்டமாகக் காட்டு விலங்குகளைத் துரத்துகின்றன.

2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள், அதில் 477 லடாக்கில். சுற்றுலாப் பணம் மட்டுமே அவற்றைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன். 2020-ல் கொரோனா வந்து பயணிகள் நின்றபோது அந்த வருமானமும் நின்றுபோனது. அன்று ஊருக்குத் துணையாக இருந்தது பட்டிக் கூரைதான். அதனால் இரண்டும் வேண்டும்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் விடியும் முன்பே அந்த அம்மா என்னை எழுப்பிப் பட்டிக்குக் கூட்டிப்போனார். கூரைக் கம்பிவலையில் ராத்திரி பெய்த பனி படிந்திருந்தது. அதன்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வட்ட வட்டமாகக் காலடித் தடம். நடுவில் ஓரிடத்தில் பனி அழுந்தியிருந்தது, கொஞ்ச நேரம் படுத்திருக்கிறது. கீழே ஆடுகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் வாய்விட்டு எண்ணினார். இருபத்து மூன்று, எல்லாம் சரியாக இருந்தது. "ஷான் வந்துட்டுப் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு ரொட்டி சுட உள்ளே போனார்.