தள்ளிவிடப்படும் நகல்களில் இருக்கும் மாற்றுவழி

கோபுரமோ ரவுட்டரோ இல்லாத இடத்தில், அருகருகே உள்ள கருவிகளே தகவலைக் கைமாற்றிக் கைமாற்றிச் சேர்ப்பதைக் கம்பியில்லா தற்காலிக வலையமைப்பு என்கிறோம். இதில் ஒவ்வொரு கருவியும், அதாவது ஒவ்வொரு கணுவும், பிறருடைய பொதிகளையும், அதாவது தகவலின் சிறு துண்டுகளையும், கடத்தித் தருகிறது. கணுக்கள் நகர்வதால் எந்த வழியும் நிலைப்பதில்லை.

1999-இல் அறிமுகமாகி, 2003-இல் ஆர்எஃப்சி 3561 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியான ஏஓடிவி, இத்தகைய வலையமைப்பில் வழி தேடும் நெறிமுறை; ஓர் இலக்குக்கு ஒரே வழியை மட்டும் வைத்திருக்கும் ஒருவழித் தடத்தேர்வைச் சேர்ந்தது. தகவலை அனுப்ப விரும்பும் மூலக் கணு, வழி கேட்டு ஒரு கோரிக்கையைப் பரப்ப, கேட்ட கணுக்கள் அதை மீண்டும் பரப்ப, அது வெள்ளம்போல் விரிந்து இலக்கை அடைகிறது. இலக்கின் மறுமொழி, கோரிக்கை வந்த தடத்திலேயே திரும்பி வழியை உறுதிசெய்கிறது. ஒரே கோரிக்கையின் நகல்கள் பல திசைகளிலிருந்தும் ஒரு கணுவை எட்டினாலும், ஏஓடிவி முதல் நகலை மட்டும் ஏற்று மற்றவற்றைத் தள்ளிவிடுகிறது. இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் தேடலை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தள்ளிவிடப்பட்ட அந்த நகல்கள் ஒவ்வொன்றும் ஒரு மாற்றுவழியின் தடயம். ஆய்வாளர்கள் மகேஷ் மரினாவும் சமீர் தாஸும் 2001-இல் முன்வைத்த, ஏஓடிவியின் பலவழி வடிவமான ஏஓஎம்டிவி, அதே தேடலிலிருந்தே பல வழிகளைப் பிடித்துவைக்கிறது. பொதிகள் வட்டமடிக்காமல் இருக்க, ஒவ்வொரு கணுவும் இலக்குக்கான தன் வழிகளுள் மிக நீளமானதன் தாவல் எண்ணிக்கையை (பொதி கணுவிலிருந்து கணுவுக்கு எத்தனை முறை தாவ வேண்டும் என்பதை) அறிவித்து, தன்னைவிடக் குறைந்த எண்ணிக்கையை அறிவிக்கும் அண்டைக் கணுவின் வழியை மட்டுமே ஏற்கிறது. எளிய விதிதான், ஆனால் மிக அழகானது. வழிகள் பொது இணைப்பைப் பகிராமலும் பார்த்துக்கொள்கிறது; எனினும் இரண்டும் ஒரே கணுவைக் கடந்து சென்றால், அதன் மின்கலம் தீரும்போது இரண்டும் ஒன்றாகவே அறுந்துபோகும்.

பல வழிகள் இருந்தால் வேகமும் பலமடங்காகும் என்று எண்ணுவது தவறு. நீரை இரண்டு வாய்க்கால்களில் திருப்பலாம். காற்று எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே அலைவரிசையில் இயங்கும் இரு வழிகள் நெருங்கியிருந்தால், ஒன்றில் பொதி செல்லும்போது மற்றதிலுள்ள கணுக்கள் காத்திருக்க நேரும். எவ்வளவு விலகிச் சென்றாலும் மூலத்திலும் இலக்கிலும் அவை சந்தித்தே தீரும். மேலும், நீளம் வேறுபட்ட வழிகளில் பொதிகள் வரிசை மாறி வந்தால், தகவல் முறையாகச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி என்ற இணைய நெறிமுறை அதைப் பொதியிழப்பு என்று கருதித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஆகவே இரண்டாம் வழியைச் சுமை பகிர்வதற்கு என்பதைவிட, முதல் வழி அறுந்த கணத்தில் மாறிக்கொள்வதற்கு என்று வைத்திருப்பதே பெரும்பாலும் பயன்தரும் என்பது என் கருத்து. அதற்கும் விலை உண்டு: பயன்படாமல் கிடக்கும் வழி, தேவைப்படும் நேரத்தில் தானும் அறுந்திருக்கலாம் என்பதால், அது உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சிறு செய்தி அனுப்பிச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.