திறந்திருக்கும் உலாவியை லினக்ஸ் எப்படி மாற்றுகிறது?

திருவாரூர் அருகே இ-சேவை மையம் நடத்தும் வாசகர் ஒருவர் அருமையான கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்காக விவசாயிகள் வரிசையில் நிற்கும் நாட்களில், டெபியன் என்ற லினக்ஸ் வகை நிறுவிய அவருடைய கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி காலை முதல் இரவு வரை திறந்தே இருக்கும். அப்படித் திறந்திருந்தபோதே மேம்படுத்தல் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். பிழை ஏதுமின்றி வேலை முடிந்தது. ஏற்கெனவே திறந்திருந்த படிவத்தைத் தொடர்ந்து நிரப்பவும் முடிந்தது. ஆனால் புதிய டேப் ஒன்றைத் திறந்தபோது மட்டும், உலாவியை மூடித் திறக்கும்படி செய்தி வந்தது. "மாறிவிட்டது என்றால் பழையது எப்படி ஓடுகிறது? மாறவில்லை என்றால் புதிய டேப் ஏன் வேலை செய்யவில்லை?" என்று கேட்கிறார்.

கட்டளையின் முதல் பகுதி பலருக்கும் தெரிந்ததுதான். 'ஏபிடி அப்டேட்' என்பது களஞ்சியத்தில் உள்ள மென்பொருள்களின் புதிய பட்டியலை மட்டும் இறக்குகிறது. 'ஏபிடி அப்கிரேடு' அந்த மென்பொருள்களின் பொதிகளை இறக்கி, அவை இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்த்து, நிறுவுகிறது. வாசகரின் கேள்விக்கு விடை அந்த நிறுவுதலில் இருக்கிறது.

லினக்ஸில் ஒரு கோப்பின் பெயரும் கோப்பும் வெவ்வேறு. கோப்புறை என்பது பெயர்களும் அவற்றுக்கு நேரே எண்களும் எழுதிய பட்டியல். அந்த எண் 'ஐநோடு' என்ற பதிவைச் சுட்டுகிறது. கோப்பின் அளவு, உரிமையாளர், அனுமதிகள், வட்டில் தரவு இருக்கும் இடங்கள் ஆகிய அனைத்தும் ஐநோடில் இருக்கும். பெயர் மட்டும் இருக்காது. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை உருவாக்கியபோது வகுத்த இந்த ஏற்பாட்டை, 1991இல் தொடங்கிய லினக்ஸும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஒரு ஐநோடைச் சுட்டும் பெயர்கள் எத்தனை, அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், எத்தனை என்ற இரண்டு கணக்குகளையும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வைத்துக்கொள்கிறது. இரண்டும் பூச்சியமானால்தான் வட்டில் அந்த இடம் விடுவிக்கப்படும்.

ஊரார் 'கோயில் பங்கு' என்று அழைக்கும் வயலின் பெயரை நாளை வேறொரு புல எண்ணுக்குச் சூட்டிவிட்டாலும், பழைய எண்ணில் நாற்று நட்ட குத்தகைதாரர் அறுவடை முடியும்வரை அதே மண்ணில்தான் இருப்பார். பெயரைச் சொல்லிப் புதிதாக வழி கேட்பவரோ புதிய வயலுக்குப் போய்ச் சேருவார். மேம்படுத்தலின்போது நடப்பதும் இதுவே.

டெபியனின் நிறுவியான டிபிகேஜி, பழைய கோப்பைத் திறந்து அதன்மேல் எழுதுவதில்லை. புதிய கோப்பை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில், தனி ஐநோடாக, முழுமையாக எழுதி முடிக்கிறது. பிறகு கெர்னலிடம் விடுக்கும் 'ரீநேம்' என்ற ஒரே அழைப்பின் மூலம் அதைப் பழைய பெயருக்கு மாற்றுகிறது. இந்த மாற்றம் பிரிக்க முடியாதது: அந்தப் பெயரைத் தேடும் எந்தப் புராசஸுக்கும் முழுப் பழைய கோப்போ முழுப் புதிய கோப்போ கிடைக்குமே தவிர, பாதி எழுதிய கோப்பு ஒருபோதும் கிடைக்காது. கணினி அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த காரியங்களுள் இது ஒன்று; இவ்வளவு சிறிய செயல் இவ்வளவு பெரிய உறுதியைத் தருவதை எண்ணி இன்றும் வியக்கிறேன்.

இந்த உறுதி உலாவிக்கு மிகவும் தேவைப்படுகிறது. ஃபயர்ஃபாக்ஸின் பெரும்பகுதி, 100 மெகாபைட்டுக்கும் மேற்பட்ட ஒரே நிரலகக் (லைப்ரரி) கோப்பில் அடங்கியிருக்கிறது. அது முழுவதும் ஒரே மூச்சில் நினைவகத்தில் ஏறுவதில்லை. தேவைப்படும்போது தேவைப்படும் பகுதி மட்டும், வழக்கமாக 4 கிலோபைட் பக்கங்களாக, வட்டிலிருந்து ஏறுகிறது. அந்தக் கோப்பின்மேலேயே புதியதை எழுதியிருந்தால், பாதிப் பழைய நிரலும் பாதிப் புதிய நிரலும் கலந்து உலாவி அந்தக் கணமே நிலைகுலைந்திருக்கும். பழைய ஐநோடு உயிரோடிருப்பதால், பெயரை இழந்த பின்னும் அதன் பக்கங்கள் பிசகில்லாமல் வந்துகொண்டிருக்கின்றன. விவசாயியின் படிவமும் தப்பிக்கிறது.

புதிய டேப் மட்டும் தடைபடுவது ஏன்? 2016 முதல் ஃபயர்ஃபாக்ஸ் இணையப் பக்கங்களைத் தனிப் புராசஸ்களில் இயக்கத் தொடங்கியது. புதிதாக ஒரு புராசஸைத் தொடங்கும்போது நிரலைப் பெயரைக்கொண்டு தேடினால், புதிய பதிப்பே அகப்படுகிறது. ஏற்கெனவே ஓடும் தாய்ப் புராசஸோ பழைய பதிப்பு. இரண்டும் தாம் எந்தப் பதிப்பு என்பதைக் காட்டும் கட்டமைப்பு அடையாள எண்களை ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று கண்டதும், தவறாகப் பேசிக்கொள்வதைவிட நின்றுவிடுவதே மேல் என்று மறுதொடக்கம் கேட்கின்றன. குரோம் வேறு வழியில் போகிறது: தொடக்கத்திலேயே 'சைகோட்' என்ற ஒரு புராசஸை ஆயத்தமாக வைத்து, பக்கங்களுக்கான புராசஸ்களை அதிலிருந்தே பிரித்தெடுப்பதால், மேம்படுத்திய பிறகும் புதிய டேப்கள் பழைய பதிப்பிலேயே திறக்கும்.

எனக்குக் குரோமின் வழியைவிட ஃபயர்ஃபாக்ஸின் மறுப்பே நல்லதாகப் படுகிறது. 2023 செப்டம்பரில் வெப்பி வகைப் படங்களைக் கையாளும் நிரலகத்தில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. தீய நோக்கத்தோடு செய்த ஒரு படம் பக்கத்தில் இருந்தாலே தாக்குதலுக்கு வழி திறந்தது. இரண்டு உலாவிகளுக்கும் உடனே திருத்தம் வந்தது. ஆனால் வட்டில் திருத்தம் இறங்கிவிட்டாலும், உலாவியை மூடித் திறக்காதவரை நினைவகத்தில் ஓடுவது ஓட்டையுள்ள நிரல்தான். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தட்டச்சு செய்யப்படும் மையங்களில் இது சிறிய விஷயமல்ல. 'ஓடுவதைத் தொடாதே, மேம்படுத்தினால் கெட்டுவிடும்' என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கும் பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. இத்தகைய பொதுப்பணிகளுக்கான நிதி, புதிய பதிப்புகளை வெளியிடுவதற்கு மட்டுமின்றி, பாதுகாப்புத் திருத்தங்களை ஆண்டு முழுவதும் தாமதமின்றிக் கொண்டுசேர்க்கும் பொறியாளர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகர் செய்ய வேண்டியது எளிது. கையிலுள்ள படிவத்தைச் சமர்ப்பித்துவிட்டு, ஒரு சன்னலை மட்டும் மூடுவதோடு நிறுத்தாமல், கன்ட்ரோல் விசையோடு கியூ அழுத்தி உலாவியை முழுவதும் மூடித் திறந்தால் போதும். கணினியை அணைக்க வேண்டியதில்லை. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் 'ஸ்னாப்' என்ற வேறொரு பொதி வடிவில் வருவதால், அங்கே ஒவ்வொரு பதிப்பும் தனித்தனி அடைவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அங்கும் புதியது ஓடத் தொடங்குவது உலாவியை அடுத்த முறை திறக்கும்போதுதான்.