நாற்பதுக்கு மேல் புத்தகத்தை மூடி வைத்தவர்களுக்கு

"இப்பல்லாம் புத்தகத்தைக் கையில எடுத்தாலே தூக்கம் வருது, மனசு ஒட்ட மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், உங்க வயசென்ன என்றுதான் முதலில் கேட்பேன். 45, 50, 52 என்று பதில் வரும். கிட்டத்துக் கண்ணாடி இருக்கிறதா என்றால், "எனக்கெதுக்கு? ஆத்துக்கு அந்தக் கரையில யாரு நிக்கிறாங்கன்னு சொல்லுவேனே" என்பார்கள். சொல்வார்கள்தான், அதில் சந்தேகமில்லை. அந்தக் கரை தெரிவதற்கும் கையில் இருக்கும் பக்கம் தெரிவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன், அதாவது பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுப்பவர். சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம்தான் இது, ஆனாலும் இந்த மாதம் வந்த ஒரு அம்மாவால்தான் எழுத உட்கார்ந்தேன். 56 வயது. வார இதழ்களில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி, அலமாரி நிறைய வைத்திருந்தவர். பல வருஷமாக எதையும் தொடவில்லை. வயசானால் கதையில் இருக்கும் ருசி போய்விடும் போலிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டி, போன வருஷம் அத்தனையையும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். எங்களிடம் வந்ததுகூட மாத்திரை அட்டையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்றுதான். இரண்டேகால் பிளஸ் லென்ஸைப் போட்டு வாசிப்பு அட்டையைக் கொடுத்தேன். கடைசி வரி வரைக்கும் நிறுத்தாமல் வாசித்துவிட்டு, "அப்ப அதையெல்லாம் நான் ஏன் போட்டேன்?" என்று என்னையே கேட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தவர்களில், வந்து போனவர்களில், "ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வாங்கத்தை" என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் தாங்கவில்லை.

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிக்கொண்டே வரும், 40 தாண்டினால் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் அளவுக்கு வளைந்து கொடுக்காது. வெள்ளெழுத்து, சாளேஸ்வரம் என்று நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. நோய் இல்லை, எல்லோருக்கும் வரும். கல்யாணப் பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடிப்பது, தினசரி நாள்காட்டியில் ராகுகாலம் பார்க்க வாசல் வெளிச்சத்துக்குப் போவது, பேப்பரில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பது, இதெல்லாம் வந்துவிட்டால் வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கையில், இதற்குக் கண்ணாடி கிடைக்காமல் கிட்டத்தில் பார்வை குறைந்து இருப்பவர்கள் உலகத்தில் 82.6 கோடிப் பேர் என்று இருக்கிறது.

இப்போது இன்னொரு சிக்கல், போன். எழுத்து தெரியாவிட்டால் இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம், திரையே வெளிச்சம் கொடுக்கும், வீடியோ என்றால் எழுத்தே வேண்டாம். அதனால் கண்ணில் குறை வந்ததே தெரியாமல் நான்கைந்து வருஷம் ஓட்டிவிடலாம். அச்சடித்த பக்கத்தில்தான் குட்டு வெளிப்படும். வெளிப்பட்டதும் பழியை யார் மேல் போடுகிறோம்? புத்தகத்தின் மேல். "போன் வந்து வாசிக்கிற பழக்கத்தையே கெடுத்துடுச்சு" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதையே தனக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். ஆனால் 40 வயதைத் தாண்டியவர் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் கண்ணைச் சோதித்திருக்க வேண்டும்.

சரி, கண்ணாடி எழுதிக் கொடுத்தால் போடுகிறார்களா? இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. "கண்ணாடி போட்டா கண்ணு அதுக்கே பழகிடும், பவர் ஏறிக்கிட்டே போகும், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாமே." படித்தவர்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்கள்கூட இதைச் சொல்கிறார்கள். பவர் ஏறத்தான் செய்யும். கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும், ஏற்றுவது வயது. 40-களின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரு பிளஸ் போதும், 50 வாக்கில் இரண்டை நெருங்கும், 60-ஐ ஒட்டி இரண்டரைக்கு வந்து அநேகமாக அங்கேயே நின்றுவிடும். கண்ணாடியையே தொடாமல் 55 வயதில் முதல்முறையாக வருபவருக்கும், 42 வயதிலிருந்து ஒருநாள் விடாமல் போட்டவருக்கும் நான் எழுதுவது ஏறக்குறைய ஒரே பவர்தான். தள்ளிப்போட்டவருக்கு மிச்சமானது எதுவும் இல்லை, நடுவில் வாசிக்காமல் போன 13 வருஷம்தான் நஷ்டம்.

"இல்லைங்க, கண்ணாடி போட்டதுக்கப்புறம்தான் அது இல்லாம சுத்தமாத் தெரியலை" என்று மறுபடியும் வருவார்கள். அதற்கும் பதில் இருக்கிறது. முன்னால் மங்கலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது மங்கல் என்று ஒப்பிட்டுச் சொல்ல எதுவும் இல்லை. இப்போது தெளிவான எழுத்தைப் பார்த்துவிட்டீர்கள், கழற்றினால் பழைய மங்கல் மோசமாகத் தெரிகிறது. கண் கெட்டுப்போகவில்லை. மங்கிய வெளிச்சத்தில் வாசித்தால் கண் அலுக்கும், தலை வலிக்கும், ஆனால் அதனால் பார்வை போகாது. வாசித்துக் கண் கெட்டவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை. தயவுசெய்து இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லுங்கள்.

சின்ன வயதிலிருந்தே புத்தகம் என்றால் ஆகாது என்பவர்களும் வருகிறார்கள். அவர்களில் எல்லோருக்கும் கண்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வாசிக்கப் பிடிக்காதது ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அவர்களில் சிலர் 36, 37 வயதிலேயே கிட்டத்தில் தெரியவில்லை என்று வருவார்கள், சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால் ஒன்றரை, இரண்டு பிளஸ் பிறவியிலிருந்தே இருந்திருக்கும், அதாவது கிட்டத்தில் பார்க்கக் கண் கூடுதலாகச் சிரமப்படும் குறை. இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கரும்பலகை பளிச்சென்று தெரியும், தூரத்து அட்டையையும் கடகடவென்று சொல்லிவிடும், அதனால் பள்ளிக்கூடச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. பத்து வரி வாசித்ததும் நெற்றி வலிக்கும், எழுத்து ஒன்றோடொன்று கலங்கும், புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போய்விடும். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லிவிடுவார்கள், அவரும் அதை நம்பியே வளர்ந்திருப்பார். கதை வாசிப்பதில் சுகம் இருக்கிறது என்பதையே ஒருநாளும் கண்டிராத மனிதர்கள் இவர்கள். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

எங்கள் பக்கத்தில் வேலைக்கு இடைஞ்சல் என்றால் கண்ணைக் காட்ட உடனே வருகிறார்கள். திருபுவனம் பட்டு நெசவாளருக்கு இழை தெரியாவிட்டால் அந்த வாரமே வந்துவிடுவார். அது சரிதான், வயிற்றுப்பாடு. அசாம் தேயிலைத் தோட்டத்தில் 40 தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது, கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த இலை 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. ஆனால் "கதை வாசிக்க முடியலைங்க, அதான் வந்தேன்" என்று ஒருவர் வந்து உட்கார்ந்து நான் பார்ப்பது மிக அபூர்வம். அதற்காகச் செலவு பண்ணுவது வீண் என்று நினைக்கிறார்கள், பெண்கள் இன்னும் கூடுதலாக. "தண்ணி தொறந்தாச்சு, குறுவை நடவு முடியட்டும்" என்பார்கள், அப்புறம் சம்பா, அப்புறம் பொங்கல், அப்புறம் பெண்ணுக்குக் கல்யாணம். சந்தோஷமாக வாசிக்க முடியவில்லை என்பது கண்ணைக் காட்டப் போதுமான காரணம்தான், கூட இன்னொரு காரணம் தேட வேண்டாம்.

நூலகத்துக்காகவும் நாம் ஏற்கனவே செலவு பண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். 1948-ல் கொண்டுவந்த பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-ல் பிறந்தது சீர்காழியில். 1931-ல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். வண்டி ஊருக்குள் வந்து புத்தகம் கொடுத்த பக்கம் இது. இன்று கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கூட இரண்டு பக்கத்தில் கண் அலுத்துத் திருப்பிக் கொடுக்கிறார்.

தொழில் ரீதியாகச் சில விஷயங்கள். வீட்டுக்காரர் கண்ணாடியை மனைவி போடுவது, காலமான அம்மாவின் கண்ணாடியை மகள் போடுவது, இதை இன்றோடு நிறுத்துங்கள். அடுத்தவர் பவர் உங்களுக்குப் பொருந்தாது, தலைவலிதான் மிஞ்சும். பேருந்து நிலையத்தில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி, இரண்டு கண்ணும் ஒரே அளவாக, தூரத்துக்குப் பவர் இல்லாமல் இருப்பவருக்கு ஒத்துவரலாம். நீங்கள் அந்த வகைதானா என்பது சோதித்தால்தான் தெரியும். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பவரும் கூடவே ஆடும், முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு அப்புறம் கண்ணாடி போடுங்கள். 60 தாண்டிய பெரியவர் திடீரென்று "கண்ணாடி இல்லாமலே இப்ப படிக்க வருது" என்று சந்தோஷப்பட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரும்பாலும் கண்புரையின் தொடக்கம் அது. பைபோக்கல், அதாவது மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்குமான கண்ணாடி போட்டுக்கொண்டு படி இறங்கும்போது குனிந்து, மேல்பாதி வழியாகப் பாருங்கள். கோடு இல்லாமல் மேலிருந்து கீழாகப் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ் ஒத்துவர ஒன்றிரண்டு வாரம் ஆகும், இரண்டாம் நாளே கழற்றிப் பெட்டியில் வைக்காதீர்கள்.

40 தாண்டிவிட்டால் கண் நீர் அழுத்தத்தையும் விழித்திரையையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். செலவு கவலை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகத்தான் இருக்கும், வெளிச்சம் கூசும், அதனால் வண்டி ஓட்டிக்கொண்டு தனியாக வராதீர்கள். வரும்போது எந்தப் புத்தகத்தைப் பாதியில் விட்டீர்களோ அதையே கொண்டு வாருங்கள். நீங்கள் ஈஸிசேரில் சாய்ந்து வாசிப்பவரா, திண்ணையில் உட்கார்ந்து மடியில் வைத்து வாசிப்பவரா என்பதையும் சொல்லுங்கள். மடிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரத்தை அளந்துதான் பவரை எழுத வேண்டியிருக்கிறது, எங்கள் அட்டை 40 சென்டிமீட்டருக்கு உண்டானது.