பாத்ரூம் டைல்ஸ் வேலை சரியில்லையா? உடைப்பதற்கு முன், பணம் கொடுப்பதற்கு முன்

பாத்ரூம் டைல்ஸ் வேலையில் குறை என்று என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்டருக்குக் கடைசி ரூபாய் வரை கொடுத்து முடித்தவர்களாகத்தான் இருக்கிறார்கள். குடியேறிக் கொஞ்ச நாளில் வாஷ்பேசினுக்குக் கீழே தண்ணீர் தேங்குவது தெரிகிறது. அடுத்த அறைச் சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் உப்புகிறது. போன் செய்தால் "நாளைக்கே ஆள் அனுப்புறேன் சார்" என்கிறார். வருகிற ஆள் ஒரு பாக்கெட் வெள்ளை சிமென்ட்டைக் கரைத்து இடைவெளிகளில் தேய்த்துவிட்டுப் போகிறார். கொஞ்ச நாளில் அதே இடத்தில் அதே தண்ணீர்.

கட்டட வேலையில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். எந்தக் குறையோடு வாழலாம், எதை உடைத்தே ஆக வேண்டும் என்று தெரியாமல் பேசப் போவதால்தான் வீட்டுக்காரர் ஏமாறுகிறார். இரண்டு டைல்ஸுக்கு நடுவே கோடு கொஞ்சம் விலகியிருப்பதற்காகச் சண்டை போடுவார், தரையில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, இல்லாததைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். கோடு விலகினால் கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான். வாட்டம் தப்பினால் வீட்டுக்கே கேடு.

பாத்ரூம் தரை, தண்ணீர் வெளியேறும் ஜாலியை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். எட்டடி நீளமுள்ள பாத்ரூம் என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் கிட்டத்தட்ட ஓர் அங்குலமாவது வித்தியாசம் இருக்கும். ஒரு வாளித் தண்ணீரைத் தரை முழுக்க ஊற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். லேசான ஈரம் இருந்தால் பரவாயில்லை. மூலையிலோ கதவு ஓரத்திலோ குளமாக நின்றால் வாட்டம் தப்பு. இதற்கு கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) பூசுவதோ, மேலே ஏதோ கெமிக்கல் அடிப்பதோ தீர்வே இல்லை. அந்தப் பகுதியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், எல்லாத் தப்பும் மேஸ்திரி மேல் இல்லை. அழகாக இருக்கிறது என்று பாத்ரூம் தரைக்கும் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். நாலு பக்கமிருந்தும் ஜாலியை நோக்கிச் சரிய வேண்டிய சின்னத் தரையில் அவ்வளவு பெரிய டைல்ஸ் வளைந்து கொடுக்காது. தரைக்கு 1 அடிக்கு 1 அடி, அதுவும் வழுக்காத ரகம் போதும். இன்னொரு சிக்கல், ஜாலிக்கு அடியில் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் நகானி டிராப்பை வைத்தவர் பிளம்பர், டைல்ஸ் போட்டவர் வேறு ஆள். டிராப் ஏறி உட்கார்ந்துவிட்டால் எந்த மேஸ்திரியாலும் வாட்டம் கொடுக்க முடியாது. அப்புறம் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். இரண்டு பேரையும் கூட்டி வந்தது ஒரே காண்ட்ராக்டர் என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அடுத்தது பொள்ளல். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. 'டொக்' என்று உள்ளே காலியாக ஒலித்தால் அங்கே கலவை பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் ஷவர் சுவரில் இப்படி ஒலித்த ஒரு டைல்ஸைக் காண்ட்ராக்டரை வைத்துக்கொண்டே கழற்றினோம். பின்பக்கம் நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று, மற்ற இடமெல்லாம் சுத்தம். கம்பெனி அச்சடித்த எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. உருண்டைகளுக்கு நடுவே சுவர் ஈரமாகக் கறுத்திருந்தது. காண்ட்ராக்டர் அதற்கப்புறம் வாதம் செய்யவில்லை.

இந்தத் தப்பு ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், பொருள் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. பழைய செராமிக் சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தண்ணீரில் ஊறப் போட்டு சிமென்ட் பால் தடவி ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். இப்போது வரும் கெட்டியான விட்ரிஃபைடு டைல்ஸ் 0.5 சதவீதம்கூடக் குடிக்காது, சிமென்ட் பாலுக்கு அதில் பிடிமானமே கிடையாது. அதற்கு ஐஎஸ் 15477 முத்திரையுள்ள அட்ஹெசிவை (டைல்ஸ் ஒட்டும் பசை), பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். காய்ந்த சுவரில் ஒரு டைல்ஸின் ஒரு மூலை மட்டும் பொள்ளல் என்றால் நான் விட்டுவிடச் சொல்வேன். ஷவர் பக்கமோ தரையிலோ வரிசையாகப் பொள்ளல் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஓதம் வந்துவிட்டால் உடனே டைல்ஸைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வையுங்கள். அப்போதும் ஓதம் பரவிக்கொண்டே போனால் சுவருக்குள் ஓடும் பைப்பில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். குளித்தால் மட்டும் ஏறுகிறது என்றால் தரையையும் வெளியேறும் குழாயையும் சந்தேகப்படலாம். ஜாலியை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைக் கோடு போட்டு 48 மணி நேரம் விட்டால் தரையின் நிலை தெரிந்துவிடும். டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுப்பவை அல்ல, தடுப்பது அடியிலிருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. அதனால்தான் "டைல்ஸை மட்டும் மாத்தித் தர்றேன்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உடைக்கும்போது அந்தப் பூச்சும் சேதமாகும். புதிதாகப் பூசி, திரும்பத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஏற வேண்டும்.

பேசும் விதத்துக்கு வருகிறேன். தினக்கூலிக்கு வரும் மேஸ்திரியிடம் கத்தி ஒன்றும் ஆகப் போவதில்லை. காண்ட்ராக்டரை வரவழைத்து, அவர் கண்ணெதிரே தண்ணீர் ஊற்றுங்கள், தட்டிக் காட்டுங்கள், வீடியோ எடுங்கள். என்னென்ன குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய ஒப்புக்கொண்டார் என்பதை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மொத்தத் தொகையில் 10 சதவீதத்தையாவது, புழக்கத்துக்கு வந்து ஒரு மாதம் கழித்துத் தருவதாக வேலை ஆரம்பிக்கும்போதே எழுதி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

அவர் கைவிரித்துவிட்டால் கோபத்தில் வேறு ஆளை வைத்து உடைக்காதீர்கள். உடைத்தால் ஆதாரமும் போய்விடும். முதலில் வேறொரு இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கையும் செலவு மதிப்பீடும் வாங்கி, ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டும் வேலையையும் சேவை என்றே சொல்கிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். பில்டரிடம் வாங்கிய ஃபிளாட் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு உங்களுக்குத் துணை. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வேலைத்தரக் குறையைத் தெரிவித்தால், 30 நாளில் அவர் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது பணம் கொடுத்த ஆதாரத்தை. ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். வங்கி வழியாகவே கொடுங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது அதே பேட்ச்சில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி, பெட்டியின் லேபிளோடு பரணில் போட்டு வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே மாடல் கடையில் கிடைத்தாலும் நிறம் ஒத்துப்போகாது. "அந்த டைல்ஸ் இப்ப வர்றதில்லை சார்" என்று காண்ட்ராக்டர் தட்டிக்கழிக்கவும் முடியாது.